மெட்டில்லாத தந்தி

1991-ம் வருஷம் மின்சார வாத்தியங்கள் தயாரிக்கிறவர்கள் ஒன்றுகூடி ஒரு ஜாபிதா போட்டார்கள். எந்தக் கம்பெனியின் வாத்தியமானாலும் சரி, இன்ன எண்ணைக் கூப்பிட்டால் இன்ன ஒலி வரவேண்டும் என்று 128 ஒலிகளுக்கு வரிசையாக எண் கொடுத்தார்கள். 'ஜெனரல் மிடி' என்று அதற்குப் பெயர். பியானோவுக்கு 1, வயலினுக்கு 41, நம் சிதாருக்குக்கூட 105 என்று ஓர் இடம் கிடைத்தது. 36-ம் எண்ணுக்கு எதிரே 'ஃப்ரெட்லெஸ் பாஸ்' என்று எழுதியிருக்கிறது.

இந்த 36-ம் எண்ணை நான் பல யந்திரங்களில் கேட்டிருக்கிறேன். கனமான ஒலிதான், காதுக்கு இதமாகவும் இருக்கிறது. ஆனால் அது ஃப்ரெட்லெஸ் பாஸ் அல்ல. ஜரிகைத் தலைப்பாகையைப் பார்த்துவிட்டு 'இவர்தான் ராஜா' என்று நாடகத்தில் நாம் தெரிந்துகொள்கிறோமே, அந்த மாதிரி. ஒருமுறை வழுக்கி, ஒருமுறை நடுங்கி, அடையாளம் காட்டிவிட்டுப் போகிறது. அடையாளம் வேறு, ஆள் வேறு. கம்ப்யூட்டருக்குள்ளேயே குடியிருக்கும் சிந்தசைசர்களைக் கொண்டு இந்த ஒலியைத் தத்ரூபமாக உண்டாக்க இன்று பலர் முயன்றுகொண்டிருக்கிறார்கள். அவற்றில் எது தேறுகிறது, எது தேறவில்லை, ஏன் என்பதைப் பற்றித்தான் இங்கே சொல்லப் போகிறேன். கதை எழுதுகிறவனுக்கு இதில் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். இல்லாததை இருப்பதாக நம்பவைக்கிற காரியத்தில் பல வருஷங்களாக ஈடுபட்டிருப்பவனுக்கு, அதே காரியத்தை வேறொரு வழியில் செய்கிறவர்களைப் பற்றி ஓர் அபிப்பிராயம் இருக்கக்கூடாதா?

தமிழில் மெட்டு என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம் உண்டு. பாட்டுக்குப் போடுவதும் மெட்டு; வீணையில் மெழுகு வைத்துப் பதித்திருக்கிற 24 உலோகக் கட்டைகளும் மெட்டு. கிதாரில் இருப்பதும் இந்த இரண்டாவது மெட்டுதான். விரலைச் சற்று முன்னே வைத்தாலும் பின்னே வைத்தாலும், ஸ்வரம் எங்கே நிற்கவேண்டுமோ அங்கே அது நிறுத்திவிடும். 1951-ல் லியோ ஃபெண்டர் என்ற அமெரிக்கர் மின்சார பாஸ் கிதார் ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது அதற்கு 'பிரிஸிஷன்' என்று பேர் வைத்தார். பிசகில்லாமல் ஸ்வரம் பேசும் என்று அர்த்தம். அதற்கு முன்னால் ஆள் உயர டபிள் பாஸை நிறுத்திவைத்து, மெட்டில்லாத கழுத்தில் விரலால் தடவித் தேடி ஸ்வரம் பிடித்துக்கொண்டிருந்தவர்களுக்கு இது பெரிய விமோசனம்.

பத்துப் பதினைந்து வருஷத்துக்குள்ளேயே விமோசனம் சலித்துவிட்டது. 'ரோலிங் ஸ்டோன்ஸ்' கோஷ்டியின் பில் வைமன் 1960-களின் தொடக்கத்தில் தம்முடைய மலிவான பாஸின் மெட்டுகளைக் கழற்றி எறிந்தார். 1966-ல் ஆம்பெக் கம்பெனி மெட்டில்லாத பாஸ் கிதாரைச் செய்து விற்றது. 1970-ல் ஃபெண்டர் கம்பெனியும் அந்த வழிக்கு வந்தது. ஆனாலும் உலகம் அந்த ஒலியைக் காதுகொடுத்துக் கேட்டது 1976-ல்தான். ஃப்ளாரிடாவில் கடலோரத்து ஊரில் வளர்ந்த ஜேக்கோ பஸ்டோரியஸ் என்ற 24 வயதுப் பையன், பழைய ஃபெண்டர் ஜாஸ் பாஸ் ஒன்றின் மெட்டுகளைப் பிடுங்கி, பள்ளங்களை அடைத்து, தந்தி உரசி மரம் தேயாதிருக்கப் படகுக்குப் பூசும் எபாக்ஸியைப் பூசி, தன் பேரிலேயே ஓர் இசைத்தட்டு வெளியிட்டான். முதல் பாட்டிலேயே டான் அலையஸின் காங்கோ மத்தளத்தைத் தவிர வேறு துணை இல்லை. தாளத்துக்குக் கீழே பதுங்கியிருக்க வேண்டிய பாஸ் முன்னால் வந்து பாட ஆரம்பித்துவிட்டது. 1987-ல், 35 வயதில், அடிபட்டு அவன் இறந்துபோன விதம் கொடுமையானது. அதற்குள் இனி மெட்டில்லாத பாஸை யார் தொட்டாலும் அவனுக்கு எதிரே நின்றுதான் தொடவேண்டும் என்றாகிவிட்டது. சிந்தசைசரில் தொடுகிறவர்களுக்கும் அதேதான்.

அந்த ஒலியில் அப்படி என்ன இருக்கிறது?

அதை வாசிக்கிறவர்கள் 'ம்வா' என்று சொல்கிறார்கள். உதடுகளை மூடிக்கொண்டு ஆரம்பித்து மெல்லத் திறந்தால் எப்படி ஒலிக்குமோ அப்படி. நம் காதுக்கு யாரோ 'வா' என்று கூப்பிடுவதுபோலவே கேட்கிறது. சாதாரணமாக மீட்டுகிற எந்தத் தந்தியும் முதல் கணத்தில்தான் பளிச்சென்று இருக்கும்; பிறகு மங்கிக்கொண்டே போகும். கிதார் அப்படித்தான். மெட்டில்லாத பாஸில் சற்று நேரத்துக்கு இந்த விதி தலைகீழாகிறது. மீட்டியவுடன் ஒலி மந்தமாக இருக்கிறது; அப்புறம்தான் மலர்கிறது. காரணம் இதுதான். தந்தி கூர்மையான உலோக விளிம்பில் முடியாமல், விரல் சதைக்கும் தட்டையான மரத்துக்கும் நடுவே முடிகிறது. அந்த இடத்தில் அது மரத்தை ஒட்டினாற்போல் போகிறது. அதிரும்போது மரத்தை லேசாக உரசிக்கொண்டே போகிறது. ஒவ்வோர் உரசலும் மேல் ஸ்தாயி இழைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக எழுப்பிவிடுகிறது. தம்புராவின் குதிரைமேல் ஒரு நூலைச் செருகி, அதை இப்படியும் அப்படியும் நகர்த்தி 'ஜீவா' பிடிப்பார்களே, நாதம் திடீரென்று விரிந்து ரீங்கரிக்குமே, ஏறக்குறைய அந்தக் காரியம்தான். அங்கே நூலும் குதிரையும் செய்வதை இங்கே மரமும் விரலும் செய்கின்றன.

இது தெரியாமல் சிந்தசைசர் முன்னால் உட்காருகிறவர்கள் முதல் அடியிலேயே வழிதவறிவிடுகிறார்கள். சாதாரண பாஸ் ஒலிக்கு எல்லோரும் செய்வது என்னவென்றால், ரம்பப்பல் அலை ஒன்றை எடுத்துக்கொண்டு, மேல் ஒலிகளை வெட்டும் ஃபில்டர் ஒன்றை அதற்குப் போட்டு, அந்த ஃபில்டர் முதலில் திறந்திருந்து உடனே மூடிக்கொள்ளும்படி வைப்பார்கள். அது மெட்டுள்ள பாஸ். மெட்டில்லாததற்கு ஃபில்டர் பாதி மூடிய நிலையில் ஆரம்பித்து, வினாடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் மெல்லத் திறந்து, அப்புறம் அதைவிட நிதானமாக மூட வேண்டும். அந்தத் திறப்பு வேகமாக இருந்தால் ஒன்றும் தெரியாது. நிதானமாக இருந்தால் பூனை கத்துவதுபோல் ஆகிவிடும். எத்தனையோ பேருடைய பாஸ் பூனையாக இருப்பதற்கு இதுதான் காரணம். தவிரவும், பஸ்டோரியஸ் தந்தியைக் குதிரைக்குப் பக்கத்தில் மீட்டுவான். அதனால் அந்த ஒலிக்குக் கொஞ்சம் மூக்கால் பேசுகிற சுபாவம் உண்டு. அந்த மூக்கை விட்டுவிட்டு வயிற்றை மட்டும் வளர்க்கிறவர்கள் ஏராளம்.

அடுத்தது நடுக்கம். கிதார்க்காரர் மெட்டின்மேல் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து அசைக்கும்போது ஸ்வரம் மேலே மட்டும்தான் போகும், இருந்த இடத்துக்குத் திரும்பும், கீழே இறங்காது. வயலினிலும் மெட்டில்லாத பாஸிலும் விரல் தந்தியோடு முன்னும் பின்னும் உருளுகிறது. ஸ்வரம் மேலேயும் போகிறது, கீழேயும் போகிறது. சிந்தசைசரின் நடுக்கம் பிறவியிலேயே இருபுறமும் போகிறது. ஆகவே இந்த விஷயத்தில் யந்திரத்துக்குச் சௌகரியம்தான். ஆனால் யந்திரம் ஸ்வரம் பிறந்த கணத்திலேயே நடுங்க ஆரம்பித்துவிடும், ஒரே வேகத்தில் கடைசிவரை நடுங்கும். மனிதன் முதலில் ஸ்வரத்தில் வந்து நிற்கிறான், சரியாக நிற்கிறோமா என்று பார்க்கிறான், பிறகுதான் அசைக்கிறான். நீண்ட ஸ்வரங்களுக்கு மட்டும், அதுவும் எல்லாவற்றுக்கும் அல்ல.

'சரியாக நிற்கிறோமா என்று பார்க்கிறான்' என்று சொன்னேனே, அதுதான் இந்த ஒலியின் உயிர் என்று நான் நினைக்கிறேன். மெட்டு இல்லாதபோது எவ்வளவு பெரிய வித்துவானும் இம்மியளவு முன்னே பின்னேதான் வந்து இறங்குவான். ஒரு ஸ்வரத்துக்கும் அடுத்த அரை ஸ்வரத்துக்கும் நடுவே உள்ள தூரத்தை 100 பங்காகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு பங்குக்கு 'சென்ட்' என்று பேர். பத்து இருபது சென்ட் தாழ்வாக இறங்கி, கண் இமைப்பதற்குள் விரலை நகர்த்தி ஸ்வரத்தைச் சேர்ந்துவிடுவது வாசிக்கிறவனின் சுபாவம். காது அதைப் பிசகு என்று எண்ணுவதில்லை. ஒரு மனிதன் அங்கே இருக்கிறான் என்று எண்ணுகிறது. யந்திரத்துக்கும் இதைக் கற்பிக்கலாம். மிடி முறையில் ஸ்வரத்தை வளைப்பதற்கு 16,384 படிகள் இருக்கின்றன, தாராளம். படி போதாதது குறையல்ல. ஒவ்வொரு ஸ்வரமும் ஒரே 20 சென்ட் கீழேயிருந்து ஒரே வேகத்தில் ஏறிவருவதுதான் குறை. பத்து ஸ்வரம் கேட்டால் போதும், ஆபீஸ் சேவகர் ஒவ்வொரு அதிகாரிக்கும் ஒரே மாதிரி குனிவது ஞாபகத்துக்கு வருகிறது.

வழுக்குவதிலும் இதே கதைதான். சிந்தசைசரில் ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு இழைந்து போக நேரத்தைக் குறித்துவிடலாம். அரை ஸ்வரம் தள்ளிப் போனாலும் அந்த நேரம்தான், ஒரு ஸ்தாயி தாண்டிப் போனாலும் அந்த நேரம்தான். கைக்கு அப்படி முடியுமா? 34 அங்குல நீளத் தந்தியில் ஓர் அங்குலம் நகர்வதும் ஒரு முழம் ஓடுவதும் ஒன்றாகுமா?

இதையெல்லாம் எனக்கு விளக்கிக் காட்டியவர் எங்கள் தெருவிலேயே இருக்கும் ஓர் இளைஞர். குறும்படம் ஒன்றுக்கு இசை அமைத்துக்கொண்டிருந்தார். டைரக்டரிடம் பணம் இல்லை. பாஸ் வாசிக்க ஆள் வைக்க முடியாது. ஆனால் கதையின் கடைசியில் ஒரு கிழவர் காலி வீட்டில் நடக்கிற இடத்தில் மெட்டில்லாத பாஸ்தான் வேண்டும் என்று பிடிவாதம். இளைஞர் 'சர்ஜ்' என்ற சிந்தசைசரை வைத்துக்கொண்டு இரண்டு வாரம் மல்லாடினார். காசு கொடுத்து வாங்க வேண்டியதாக இருந்த அந்த யந்திரத்தை 2018-ல் அதைச் செய்தவரே எல்லோருக்கும் இலவசம் என்று திறந்துவிட்டார். இந்தக் காலத்தில் இப்படியும் நடக்கிறது.

"சார், கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். தாட்சண்யம் வேண்டாம்" என்று என் காதில் கருவியை மாட்டிவிட்டார்.

நன்றாகவே இருந்தது. ரம்பப்பல் அலை வழியை விட்டுவிட்டு அவர் வேறொரு வழி பிடித்திருந்தார். கெவின் கார்ப்ளஸ், அலெக்ஸாண்டர் ஸ்டிராங் என்ற இரண்டு பேர் 1983-ல் வெளியிட்ட வழி அது. ஒரு கணநேர இரைச்சலை ஒரு சின்ன வட்டத்துக்குள் சுற்றிவர விட்டு, ஒவ்வொரு சுற்றிலும் அதைக் கொஞ்சம் மழுக்கினால், மீட்டின தந்தியின் ஒலி பிறந்துவிடுகிறது! வினாடிக்கு 44,100 துளிகளாக ஒலியைப் பிரித்துவைக்கும் முறையில், பாஸின் அடித்தந்திக்கு அந்த வட்டம் சுமார் 1,070 துளி நீளம். அலையை வரைவதைவிடத் தந்தியையே கணக்கில் பின்னுவது எவ்வளவோ மேல். மேகத்தை வர்ணித்து மழை பெய்யவைக்கும் ஆசிரியருக்கும், ஓட்டின்மேல் முதல் துளி விழுந்த சத்தத்தைச் சொல்கிற ஆசிரியருக்கும் உள்ள வித்தியாசம்.

ஆனால் நாலாவது வரியில் எனக்கு இடித்தது. பாட்டு இறங்கி இறங்கி பாஸின் ஆக அடிமட்ட ஸ்வரத்தில், 'ஈ' என்று அவர்கள் சொல்கிறார்களே, வினாடிக்கு 41 அதிர்வு, அதில் வந்து நின்றது. நின்றது மட்டுமல்ல; கீழேயிருந்து வழுக்கி ஏறிவந்து, நின்று, உருக்கமாக நடுங்கவும் நடுங்கியது.

"தம்பி, நாலு தந்தி பாஸில் இதற்குக் கீழே ஸ்வரம் ஏது? எங்கேயிருந்து வழுக்கி வருகிறது?" என்று கேட்டேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு சிரித்துவிட்டார். அந்த ஸ்வரத்தை வாசிக்கும்போது தந்தியின்மேல் விரலே இருக்காது, வெறும் தந்தி. வெறும் தந்தி வழுக்காது, நடுங்காது, 'ம்வா' என்று மலரவும் மலராது. ஐந்து தந்தி பாஸ் என்று சொல்லித் தப்பலாம்தான். ஆனால் பாட்டின் மற்ற இடங்களெல்லாம் நாலு தந்திக் கையைத்தான் காட்டின. காலி வீட்டில் நடக்கிற கிழவருக்குத் திடீரென்று ஆறாவது விரல் முளைத்தாற்போல் இருந்தது எனக்கு.

இதைச் சொன்ன பிறகு இன்னொன்றும் தோன்றியது. ஒரே ஸ்வரம் பாஸில் பல இடங்களில் இருக்கிறது. 'டி' என்ற ஸ்வரத்தை மூன்றாவது தந்தியை வெறுமையாக மீட்டியும் வாசிக்கலாம். இரண்டாவது தந்தியில் ஐந்தாவது இடத்தில் விரல் வைத்தும் வாசிக்கலாம். அடித்தந்தியில் பத்தாவது இடத்திலும் வாசிக்கலாம். மூன்றும் ஒரே ஸ்வரம். மூன்று வேறு குரல். அடித்தந்தியில் உயரத்தில் வாசிப்பதற்குத் தொண்டை கனத்திருக்கும். வாசிக்கிறவன் எதைத் தேர்ந்தெடுக்கிறான் என்பது அதற்கு முந்தின ஸ்வரத்தில் அவன் கை எங்கே இருந்தது, அடுத்ததற்கு எங்கே போகவேண்டும் என்பதைப் பொறுத்தது. சிந்தசைசரில் பாஸ் செய்கிறவர்கள் தந்தியைப் பற்றி யோசிக்கிறார்கள், மரத்தைப் பற்றி யோசிக்கிறார்கள், பாஸ்காரனின் கை இப்போது எங்கே இருக்கிறது என்று யோசிப்பதில்லை. நாவலில் பாத்திரத்தின் மூக்கையும் முழியையும் இரண்டு பக்கம் எழுதிவிட்டு, அவள் சமையலறையில் நிற்கிறாளா கூடத்தில் நிற்கிறாளா என்பதை மறந்துவிடுகிறவர்கள் நம்மிடையே இல்லையா? அவள் பேசுவது மட்டும் எங்கிருந்து வரும்?

உண்மையான பாஸ்காரர் வாசித்ததை ஒவ்வொரு ஸ்வரமாகப் பதிவுசெய்து வைத்திருக்கிற தொகுப்புகள் விலைக்குக் கிடைக்கின்றனவே, அவற்றை வாங்கிப் போட்டுவிட்டால் என்ன என்று கேட்பார்கள். போடலாம். ஒவ்வொரு ஸ்வரமும் அசல்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த அசல் ஸ்வரம் எதற்குப் பின்னால் வருகிறோம் என்று தெரியாமல் வாசிக்கப்பட்டது. நல்ல எழுத்தாளர் ஒருவருடைய வாக்கியங்களைக் கத்தரித்து அடுக்கி வைத்தால் அவர் எழுதிய கதை ஆகிவிடுமா? எனக்கு அந்தத் தொகுப்புகளைவிட, குறைபாடுகளோடு இருந்தாலும் இளைஞர் கணக்கில் பின்னிய தந்தியே பிடித்திருக்கிறது.

ஒலியை அடர்த்தியாக்குகிறேன் என்று 'கோரஸ்' என்ற கருவியை மேலே பூசுகிறார்களே, அதைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரே ஒலியின் இரண்டு மூன்று நிழல்களைச் சற்று விலக்கி வைத்துக் குழைப்பது அது. 1980-களின் இசைத்தட்டுகளில் மெட்டில்லாத பாஸுக்கு இதைத் தாராளமாகப் போட்டார்கள். அதனால் அதுதான் அந்த வாத்தியத்தின் குரல் என்றே பலர் நம்பிவிட்டார்கள். சிந்தசைசர்க்காரர்களுக்கு இது பெரிய சௌகரியம். அடியில் உள்ள ஓட்டையெல்லாம் மூடிக்கொள்ளும். வைக்கோலை நிறையப் போட்டால் மாடு இளைத்திருப்பது தெரியாது என்கிற மாதிரி. இளைஞர் நல்லவேளையாக அதைத் தொடவில்லை.

1977-ல் 'வெதர் ரிப்போர்ட்' கோஷ்டி வெளியிட்ட 'ஹெவி வெதர்' என்ற இசைத்தட்டில் 'எ ரிமார்க் யூ மேட்' என்று ஒரு பாட்டு இருக்கிறது. ஜோ ஸவினுல் இயற்றியது. வெய்ன் ஷார்ட்டர் ஸாக்ஸஃபோன் வாசிக்கிறார். பஸ்டோரியஸ் மெட்டில்லாத பாஸ் வாசிக்கிறான். ஸவினுல் சிந்தசைசரும் வாசிக்கிறார். இந்த விவகாரத்தில் ஈடுபட்டவர்கள் எல்லோரும் அதை ஒருமுறை கேட்க வேண்டும். அங்கே சிந்தசைசர் எதைப் போலவும் இருக்க முயலவில்லை. அதற்கென்று ஒரு குரல் இருக்கிறது, அதில் பேசுகிறது. பாஸ் அதன் பக்கத்தில் நிற்கிறது. இரண்டுக்கும் போட்டி இல்லை. அரை நூற்றாண்டுக்குப் பிறகு முதலாவது இரண்டாவதாக வேஷம் போடவேண்டிய அவசியம் ஏன் வந்தது? இளைஞரைக் கேட்டால் பணம் என்று சொல்லிவிடுவார், அதுவும் வாஸ்தவம். இளையராஜாவின் பாட்டுகளில் பாஸ் கிதார் எப்படித் தனியாக ஒரு வழி போட்டுக்கொண்டு நடக்கும் என்பதைக் கேட்டுக் காது பழகிய ஊர் நம்முடையது. அந்த வழியை நடந்தவர்கள் மனிதர்கள். 36-ம் எண்ணை அழுத்துகிற ஒவ்வொரு தடவையும் ஒரு மனிதருக்கு அன்றைக்கு வேலை இல்லை என்பதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. அதற்காக, வேலை கொடுக்கவே வழியில்லாத பிள்ளையை 'நீ இசை அமைக்காதே' என்று சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை.

அவர் அந்த நாலாவது வரியைத் திருத்தினார். அடி ஸ்வரத்தில் வழுக்கலையும் நடுக்கத்தையும் எடுத்துவிட்டு, வெறும் தந்தியாக, கொஞ்சம் முரட்டுத்தனமாகவே விட்டுவிட்டார். பிறகு பாட்டு முழுவதையும் உட்கார்ந்து, ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் எந்தத் தந்தி, எந்த இடம் என்று ஒரு காகிதத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டு, அதன்படி ஃபில்டரையும் வளைவையும் மாற்றினார். பதினாறு வரிக்கு மூன்று இரவு பிடித்தது. மறுபடி கேட்டபோது இரண்டாம் பகுதியில் ஒரு ஸ்வரம் இம்மி தாழ்ந்து வந்து, சேராமலே முடிந்துபோயிற்று. "அதுவும் திருத்த வேண்டுமா, சார்?" என்றார். வேண்டாம் என்றேன். அதற்கு அடுத்த ஸ்வரம் தூரத்தில் இருந்தது. கை அங்கே போக அவசரப்பட்டிருக்கிறது.

படத்தின் முடிவில் காட்டும் பேர் ஜாபிதாவில் பாஸ் என்பதற்கு எதிரே என்ன போடுவது என்று டைரக்டர் கேட்டாராம். இளைஞர் அந்த வரியையே எடுத்துவிடச் சொல்லி, 'சிந்தசைசர்' என்று எழுதி அதற்கு எதிரே தம் பேரைப் போட்டுக்கொண்டார்.